மூன்றாவது மணி

தில்லை நகர்,
5.2.2025

அன்புத் தங்கை சுராயாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஹாலித் மாப்பிள்ளை நலமா?

நீ நிர்வாகத்தை விட்டுப் போனதிலிருந்து நம் நாடகக்குழுவில் ஆளுக்கொரு நேரத்தில் ஒத்திகைக்கு வருகிறார்கள். நான் இயக்குவதா, அரங்கச் சாவி தேடுவதா? போன நாடகத்தன்று சிறப்பு விருந்தினருக்காக ஒரு மணி நேரம் நாடகத்தை நிறுத்தி வைத்தேன். "ஆரம்பிச்சிடலாம்ண்ணே" என்ற உன்னிடம், "இது என் குழு, வாயை மூடு" என்றேன். அதற்கு இவ்வளவு கோபமா? 23ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் நாடகம். நீ வராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவேன்.

உன் அண்ணன்,
நல்லதம்பி

கே.கே. நகர்,
10.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

நீங்கள் திட்டியது பெரிதில்லை. அன்றைக்குக் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து பாதிப் பேர் எழுந்து போனார்கள். வேஷத்தோடு நின்ற வைஷ்ணவி அதைப் பார்த்து அழுதாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாடகம் தொடங்க அடிக்கும் மணியை நீங்களே கையில் வைத்திருக்கிறீர்களே, அதை லைட் போடும் ரஞ்சித்திடம் கொடுங்கள். ஆறரைக்கு மூன்றாவது மணி, உடனே திரை. யார் வராவிட்டாலும். நான் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் இருப்பேன். நேரத்துக்கு அடித்தால் திரும்பி வருகிறேன். இல்லையென்றால் இத்தோடு போதும்.

அன்புடன்,
சுராயா

தில்லை நகர்,
24.2.2025

அன்புத் தங்கைக்கு,

மணியை ரஞ்சித்திடம் கொடுத்து, யார் வராவிட்டாலும் ஆறரைக்கு அடி என்றேன். கொடுத்துவிட்டு, விருந்தினர் தாமதிக்கக் கூடாதே என்று நானே அவரை அழைத்துவரப் போனேன் பார், என்னைச் சொல்லணும்! காவிரிப் பாலத்தில் வண்டி அசையவில்லை. ரஞ்சித்துக்குப் போன் போட்டு, "டேய், என் வரவேற்புரை இருக்குடா, நிறுத்து!" என்றேன்.

"யாரு வரலன்னாலும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க. அடிக்கப் போறேன்" என்று வைத்துவிட்டான்.

வந்து சேர்ந்தபோது இரண்டாம் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. வைஷ்ணவி என்னமாய் நடிக்கிறாள்! நான் இல்லாமலே நடக்கிறதே என்று வயிறு எரிந்தது, சத்தியமாக. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தோடு நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். விருந்தினரும் நின்றபடியே பார்த்தார்.

முடிந்ததும் ரஞ்சித் என் முகத்தைப் பார்க்காமல் வயர் சுற்றினான். எல்லார் முன்னிலும், "சரியாச் செஞ்சடா" என்றேன்.

நீ வந்தாயா? இருட்டில் தேடினேன், தெரியவில்லை.

நல்லதம்பி

கே.கே. நகர்,
27.2.2025

அண்ணே,

வந்தேன். நீங்கள் வராமலே மணி அடித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரஞ்சித்தை என்ன பாடு படுத்தப்போகிறீர்களோ என்று நாடகம் முடிந்தும் கதவருகிலேயே நின்றிருந்தேன். நீங்கள் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன். சாவி என்னிடம் இருக்கட்டும். மணி ரஞ்சித்திடமே இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
சுராயா