உன் கை பட்ட தலைகள்

என் அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதாதவன், இருபது வருடம் உன்னோடு பேசாதவன், நீ போய் எட்டு மாதம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் சாவுக்கு வந்தேன். தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். யாரும் ‘வா’ என்று கூப்பிடவில்லை. அதையும் மறக்கவில்லை.

ஆவடியில் அதே வீடுதான். கீதா பெங்களூரில் மகனோடு இருக்கிறாள். கொஞ்ச நாள் என்று சொல்லிப் போனவள், மூன்று வருடமாகிறது. பாலிடெக்னிக்கில் இன்னும் பாடம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் காலிங்பெல் அடித்தால், எதிர்வீட்டுக்கு வந்தவர் தவறி அடித்திருப்பார்.

போன வாரம் எனக்காகவே அடித்தது. உன் மகள் தேவி. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. திருமழிசையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“பேசாத மாமாதான், இன்னா பண்றது, வேற யார கேக்கறது?” என்றாள். “கொயந்தைக்குத் தல பின்னால ஒரு பக்கம் சப்பையா கீது மாமா. எப்ப பாரு ஒரே பக்கமா திரும்பிகினு படுக்குது. உங்க பையனுக்கு மண்டைல ஆப்ரேசன் பண்ணாங்களே, அந்த மாதிரி டாக்டராண்ட காட்டணும்.”

“உங்கம்மா இருந்தா எண்ணெய் வச்சு உருட்டியே சரி பண்ணியிருப்பாங்களே” என்றேன். குத்தல்தான். எனக்கு வேறு மாதிரிப் பேச வராது.

தேவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா அந்த ஆப்ரேசனுக்கு அப்பறம் எந்தக் கொயந்தையையும் தொடல மாமா. தெருவுல எத்தினி பேரு வந்து கூப்ட்டாங்க. போவல. என் பெரியவன் பொறந்தப்ப கூட மடில வாங்கல. ‘என் கை வேணாம்டி, மண்டைய கெடுத்துடும்’னு சொல்லிட்டு எட்ட போய் உக்காந்துக்கும்.”

நான் சட்டையைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டேன்.

பூந்தமல்லி பக்கம் ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். குழந்தையின் கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். உச்சியில் விரலை ஓட்டினாள். “பயப்படாதீங்க. எலும்பு எதுவும் ஒட்டிக்கல. கழுத்துச் சதை ஒரு பக்கம் இறுகியிருக்கு, அதான் ஒரே பக்கம் படுக்குறா. கழுத்துக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க. முழிச்சிருக்கும்போது பக்கத்துல உக்காந்து குப்புறப் போடுங்க. தூங்கும்போது மல்லாக்கதான். கிலுகிலுப்பையை அவ பாக்காத பக்கமா ஆட்டுங்க.”

“குளிப்பாட்டறப்ப தலைய உருட்டலாமா மேடம்?”

“வேணாம்மா. உருட்டுறதால தலை உருண்டையாகாது.”

தேவி தலையாட்டினாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

அக்கா, என் மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? காலை நீட்டி, அவனைக் கால்மேல் கிடத்தி, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாய். “டேய், இது என் கைக்கு அடங்குற மண்ட இல்லடா. படகாட்டம் நீட்டமா போவுது. உச்சில வரப்பு கணக்கா ஒண்ணு கீது பாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

“நீ குளிப்பாட்டுற வேலையை மட்டும் பாரு” என்றேன். எட்டாவதோடு நின்றவள் எனக்குச் சொல்வதா என்ற எண்ணம். அதோடு, ‘என் தம்பிய நான்தான் படிக்க வெச்சேன்’ என்று கல்யாணம் காதுகுத்து ஒன்று விடாமல் நீ சொல்லிக்கொண்டிருந்த கோபம். திருமழிசை கம்பெனியில் நின்றபடி நீ வேலை பார்த்ததால்தான் நான் உட்கார்ந்து படித்தேன். உண்மைதான். அதை ஏன் எல்லோர் எதிரிலும் சொன்னாய்? இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அவனைக் கொண்டுபோனபோது இரண்டு வயது முடிந்திருந்தது. காதிலிருந்து காதுவரை தையல். அறைக்குள் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: “இது பிறக்கும்போதே ஒட்டிக்கிட்ட எலும்பு. யார் கையாலயும் வர்றதில்ல. சில மாசத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்.”

வெளியே வந்தேன். “உங்க அக்கா அழுத்தி அழுத்தித்தான் இப்படி ஆச்சு!” என்று கீதா கத்திக்கொண்டிருந்தாள். என்னிடம் முன்பே சொன்னதைக்கூட நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை அக்கா? உன் கைகளைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாய்.

“நான் அழுத்துனதாலயாடா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். படித்த தம்பி மறுக்கவில்லை. உனக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது. பிறகு உறவுக்காரர்கள் விசாரித்தபோதெல்லாம் நானும் உன் பெயரைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

போன வாரம் பூந்தமல்லியில் பஸ் வரும்வரை குழந்தையை என்னிடம் கொடுத்தாள் தேவி. தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. உச்சிக்குழி துடித்துக்கொண்டிருந்தது. அப்போதே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லை அக்கா. உன் கையால் இல்லை. தாமதம் என்னால்.

பத்திரிகைக்கு அனுப்பும் இந்தக் கடிதம் அச்சாகி வருவதற்குள், வருகிற ஞாயிறு காலை திருமழிசைக்கு வருவேன். இந்த முறை தெருமுனையில் நிற்க மாட்டேன். உன்னைக் கூப்பிட்டு நீ போகாத வீட்டுக்காரர்களும் கேட்கும்படி தேவியிடம் சொல்வேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்வேன். அன்றைக்கே கீதாவுக்கும் மகனுக்கும் போன் செய்வேன். அதன்பிறகு என் காலிங்பெல் அடிக்காமலே போகலாம். போகட்டும்.

அம்மா வயலுக்குப் போன நாட்களில்
நீ முதன்முதலாகக் குளிப்பாட்டிய குழந்தை,
உன் தம்பி