எந்தப் பக்கத்து ரத்தம்

வேலூர்
1.1.1995

அன்புள்ள அண்ணிக்கு,

கஸ்தூரியின் வணக்கம். அண்ணன், நீங்கள், மணிமொழி மூவரும் நலம்தானே. நாங்கள் இருக்கிறோம்.

பிள்ளையில்லாத எனக்கு இரட்டையரில் ஒருத்தியை மூன்று வயதில் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. ஆனால் கவிநிலாவுக்கு எட்டு வயதாகிறது. ஒரு வரி படிக்க வரவில்லை. அரைப்பரீட்சையில் தமிழில் பதினோரு மார்க். எங்கள் வீட்டில் தினமும் பேப்பர் வருகிறது, டியூஷனும் வைத்திருக்கிறோம். வளர்ப்பில் குறையில்லை, அண்ணி பக்கத்து ரத்தம் அப்படி என்கிறார் இவர்.

கார்த்திகை தீபத்துக்கு அங்கே வந்தபோது மணிமொழி பாடத்தைக் கடகடவென்று படித்தாளே. பொங்கல் கழிந்ததும் கவிநிலாவை அங்கே விட்டுவிட்டு அவளை அழைத்து வருகிறேன். இரண்டும் உங்கள் பிள்ளைதானே.

அன்புடன்,
கஸ்தூரி

அடி அண்ணாமலை
4.1.1995

கஸ்தூரிக்கு,

உன் கடிதம் வரும்வரை நலமாகத்தான் இருந்தோம்.

சந்தையில் மாடு மாற்றுவார்கள். பிள்ளையை மாற்றி நான் கேள்விப்பட்டதில்லை. கோலப் போட்டியில் கவிநிலா பரிசு வாங்கியபோது ‘என் வளர்ப்பு’ என்று எழுதினாய். படிப்பு வராதபோது மட்டும் என் ரத்தமா?

மணிமொழி படிக்கவில்லை. நான் நாலு நாள் படித்துக் காட்டியதை மனப்பாடமாக ஒப்பித்தாள். புத்தகத்தில் விரிந்திருந்தது வேறு பக்கம், நீ பார்க்கவில்லை. நீ கோயிலுக்குப் போனபின் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். ஒரே வார்த்தைகளில்தான் இருவரும் நின்றார்கள். மணிமொழி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கவிநிலா கையைப் பின்னால் மறைத்தாள். இழுத்துப் பார்த்தால் ஸ்கேல் தடம். கேட்டேன். “தப்பா படிச்சா மட்டும்தாம்மா அத்தை அடிப்பாங்க”ன்னு சொன்னாள். நாத்தனார் மனம் நோகக் கூடாதென்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரத்தம் என்றாயே. நான் எட்டாவது படித்தவள், என் தம்பி வாத்தியார். பஸ் ஸ்டாண்டில் போர்டுக்கு நேராக நின்றுகொண்டு “இது போளூர் போகுமா”ன்னு கேட்கிறவர் உன் அண்ணன். பெண் பார்க்க வந்தபோது அவரை எட்டாவது பாஸ் என்று சொன்னது நீ. உன் வீட்டுக்காரரிடம் இதையும் சொல்.

வள்ளி

வேலூர்
7.1.1995

அண்ணி,

உங்கள் கடிதத்தை இவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். அண்ணன் விஷயம் இவருக்குத் தெரியாது.

அண்ணன் பெயிலாகி என் வகுப்புக்கே வந்தார். வீட்டுப்பாடமெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வாத்தியார் அவரை அடிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன். கவிநிலா ஒன்றாவதில் தடுமாறியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது எங்கள் வீட்டுக் குறை என்று. அடித்தாவது மறைத்துவிடலாம் என்று பார்த்தேன்.

மாற்ற வேண்டாம். அவளே இருக்கட்டும். அவள் இல்லாமல் எனக்கு முடியாது. அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கஸ்தூரி

அடி அண்ணாமலை
10.1.1995

கஸ்தூரிக்கு,

உன் கடிதங்களை அவருக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். எதை விடச் சொல்கிறாய்? எல்லாவற்றையும் படித்தேன்.

குறை என்று நீ எழுதிய இடத்தைக்கூடக் கேட்டுக்கொண்டார். அடித்தாவது என்ற இடத்தில் ஸ்கேல் தடத்தையும் நான் சொன்னதும் எழுந்துவிட்டார். “நான் வாங்கின அடிய கூடவே உக்காந்து பாத்தவ அவ”ன்னார்.

போகியன்று காலை பஸ்ஸில் வருகிறார். வருஷாவருஷம் அண்ணன் கொண்டுவரும் பொங்கல் வரிசை இந்த முறை இல்லை. கவிநிலாவின் துணிமணியைக் கட்டி, அவளை வாசலுக்கு அனுப்பு. அவரை உள்ளே கூப்பிடாதே. தண்ணீரும் எடுத்து வராதே. உன் வீட்டில் இனி கை நனைக்க மாட்டாராம்.

வள்ளி