உப்புப் பார்க்க வந்தவர்கள்

செப்டெம்பர் 8, திங்கள்
கணிதச் சோதனையில் எழுபத்திரண்டு. உம்மா தாளை இடது கையால் வாங்கிப் பார்த்தார். வலது கையைத் தூக்க முடியவில்லை. மத்தியானம் சோற்றுக்கு ஊற்றிய மீன் ஆணத்தில் உப்புப் போதாதாம். முதலில் சட்டி சுவரில் பட்டு உடைந்தது. பிறகு உம்மா.

வாப்பா உறங்கிவிட்டார். குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் இருந்து எழுதுகிறேன். எழுதினால் பயம் குறைகிறது. குறைகிறதா?

செப்டெம்பர் 9
இன்று சத்தம் இல்லை. அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 14, ஞாயிறு
நிந்தவூரில் மாமா வீட்டுக்குப் போய்விடுவோம் என்று உம்மாவிடம் கெஞ்சினேன்.

"நான் இந்த வீட்ட உட்டுட்டுப் போனா இது அந்தாள்ர வீடாப் போயிரும். நாளைக்கு உனக்கு வீடு எங்க புள்ள?"

இது உம்மாவுக்குக் கலியாணத்தில் கொடுத்த வீடு. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்குக் கலியாணமானால் இது என்னுடையதாம். அப்படியென்றால் உம்மா அடி வாங்குவது எனக்காகவா? எனக்கு வீடு வேணாம். கலியாணமும் வேணாம். ஒண்டும் வேணாம்.

செப்டெம்பர் 18
இடைவேளையில் என் வகுப்பு நிஹ்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

செப்டெம்பர் 19
நேற்றுப் பின்னேரமே நிஹ்லா தன் பெரியம்மா றஹீமாவிடம் சொல்லியிருக்கிறாள்! கல்முனை ரோட்டில் பெண்கள் சங்கத்தின் தையல் வகுப்பை நடத்துகிறவர் அவர். "நான் செல்லாம உட்டு உன்ட உம்மா அடிபட்டு மௌத்தாப் போனா?" என்று என்னிடமே கேட்கிறாள். யா அல்லாஹ், வாப்பாக்குத் தெரிஞ்சா? ஏன் வாயத் துறந்தன்?

செப்டெம்பர் 23, செவ்வாய்
இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

வாப்பா கத்தத் தொடங்கினார். கை ஓங்கிவிட்டது. அப்போது வாசல் கேற்றில் சத்தம். மூடிய கோப்பையோடு றஹீமா நின்றார்.

"வேறொண்டுமில்ல தம்பி, புளியாணம் ஆக்கின. தடிமலால நாக்கு செத்துப்போச்சு. புள்ளட உம்மாட்டக் குடுத்து உப்புப் பாக்கத்தான் வந்த."

ஓங்கிய கை தலையைச் சொறிந்தது. உம்மா ருசி பார்த்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா சம்பலோடு வந்தார். அதற்கும் உப்புப் பார்க்கவேண்டுமாம். பிறகு எதிர்வீட்டு மாமி, கத்தரிக்காய்ப் பாலாணத்தோடு. சாப்பாட்டோடு வந்த பெண்களை யார் துரத்துவது? வாப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சத்தம் கேட்டதும் றஹீமாவுக்குப் போன் அடித்தது ஆயிஷா உம்மாதானாம். எந்த வீட்டில் அடி விழுந்தாலும் உப்புப் பார்க்கப் போவது அவர்கள் சங்கம் பழகிவைத்த வேலை. உம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

ஒக்டோபர் 3, வெள்ளி
இன்று வாப்பா முதலிலேயே கேற்றைப் பூட்டிவிட்டார்.

வெளியே கோப்பைகளோடு அவர்கள். உள்ளே நாங்கள். உம்மாட நெத்தியால ரத்தம். நான் கத்தினன், எனக்குத் தெரியும் நான் கத்தினன், ஆனா சத்தம் வரல்ல. அப்போது வெளியே கரண்டியால் கோப்பையில் தட்டும் ஒலி. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. தெருவே வந்துவிட்டது. வாப்பா கேற்றைத் திறந்தார்.

உம்மாவுக்கு நெற்றியில் தையல். இப்போது றஹீமா வீட்டில் இருக்கிறோம்.

ஒக்டோபர் 4, சனி
விடிந்து வாப்பா ஆட்டோவோடு போன பிறகு, ஆயிஷா உம்மாவோடு வீட்டுக்குப் போய், எங்கள் உடுப்பையும் என் புத்தகங்களையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்தேன். சங்கத்துக்கு உதவும் சட்டத்தரணி விதுஷா அக்கா காரைதீவிலிருந்து வந்திருந்தார். பையைப் பார்த்தார்.

"எங்க போகப் போறீங்க?"

"தெரியா. நாங்கதானே போகணும்."

"வீடு ஆர்ர?"

"உம்மாட."

"அப்ப இதுக்குள்ள வாப்பாட உடுப்பத்தானே வெச்சிரிக்கணும் தங்கச்சி."

அடித்தவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றத்தில் கட்டளை கேட்கலாமாம். உம்மா நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கோட்டுக்கு எப்ப வரணும்?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 9, வியாழன்
கட்டளை கிடைத்தது. நீதிமன்றத்தில் உம்மா ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார்.

ஒக்டோபர் 10
வீட்டுக்கு வந்துவிட்டோம். வாப்பா ஒலுவிலில் அவருடைய தம்பி வீட்டில் இருக்கிறார். அவருடைய சேட்டுகளை மடித்துப் பையில் வைத்தேன். அழுகை வந்தது. மழைவெள்ளத்தில் என்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவரும் அவர்தான். இரண்டும் உண்மை. என்ன செய்வது?

ஒக்டோபர் 21
இரவில் ஆட்டோ சத்தம் கேட்டால் இன்னும் எழும்பி உட்காருகிறேன். உம்மாவும்தான். நேற்று இருவரும் விளக்கைப் போட்டுப் பிளேன்டீ குடித்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு
முன்அறை மேசையில், பட்டப்பகலில் எழுதுகிறேன். வெளியே மழை.

சற்றுமுன் உம்மாவின் போன் அடித்தது. கேட்டார். "ஓம், இந்தா வாறன்" என்றார். பின்தெருவில் ஒரு வீட்டில் சத்தமாம். அடுப்பில் இருந்த மீன் ஆணத்தைக் கோப்பையில் ஊற்றி மூடினார், குடையை எடுத்தார்.

"உப்புப் போட்டீங்களா உம்மா?"

"போடல்ல. அவங்கட குசினிக்குள்ள போய் உப்பெடுக்கணும்தானே."

கேற்றைச் சாத்தாமலே போய்விட்டார்.