நஸ்ரின் கேட்ட குரூப்

மே 19, திங்கள்

பத்தாவதில் என் மகள் நஸ்ரின் வாங்கிய மார்க்குக்கு கேளம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் இரண்டு பள்ளிகள் இடம் தருவதாகச் சொல்லியிருந்தன. கேளம்பாக்கத்துப் பள்ளியில் சேர்க்கத்தான் எனக்கு ஆசை. அந்தப் பள்ளி பஸ் எங்கள் தெருவில் வந்து நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள்.

இன்று அவளை அங்கே கூட்டிப்போனேன். பிரின்சிபால் மார்க்கைப் பார்த்ததுமே, "பயாலஜி குரூப் போட்டுடலாம்மா" என்றார்.

"எனக்கு காமர்ஸ் வேணும் சார்" என்றாள் நஸ்ரின்.

"இவ்ளோ மார்க் வாங்கிட்டு காமர்ஸா? வேஸ்ட்டும்மா. உன்னை மாதிரி பசங்களுக்கு இங்க சயின்ஸ்தான்."

"அப்போ நான் தாம்பரம் ஸ்கூல்லயே சேர்ந்துக்கிறேன் சார். அங்க கேட்டதைக் குடுக்குறாங்க."

சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். எனக்கு வியர்த்துவிட்டது.

திரும்பி வரும்போது, "பயமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு அத்தா. அதான் ஃபைலைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்."

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். நான் காமர்ஸ் என்றதும், "ஏன், மார்க் பத்தலையா? கேளம்பாக்கத்துல எடுக்கலையா?" என்றார்.

"எடுத்தாங்க மச்சான். அந்த ஸ்கூல்தான் என் பொண்ணுகிட்ட பாஸாகல" என்றேன்.