ஆபீஸ் சார்களுக்காக நீ அடுக்கிய புளிய விறகு

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் எல்லையோரக் குடிபாலா வெல்ல ஆலையில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நீதான் அடுப்பு எரித்தாய். கரும்புச் சக்கை ஈரமாக இருந்தால் பழைய டயரை வெட்டிப் போடச் சொல்வார் முதலாளி. நீயும் போட்டாய். பீடியைத் தொட்டே பார்க்காத உனக்கு நுரையீரலில் புற்று வந்தபோது, டாக்டர் கேட்ட முதல் கேள்வி ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதுதான்.

அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் புகார் எழுதி, காற்றை அளக்க ஆபீஸிலிருந்து வந்தார்களே, நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு வருவதுபோல் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். முதலாளி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயாகவே டயரை ஒதுக்கிவிட்டு, காய்ந்த புளிய விறகை அடுக்கினாய். ஏன் என்று கேட்டேன்.

"ஆபீசு சாருங்க வந்துக்கினு இருக்காங்கம்மா. அவுங்களுக்குக் கண்ணு எரியக் கூடாது."

உன் கண்ணைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள் நைனா?

வந்தவர்கள் காற்றை இழுக்கும் யந்திரத்தை வைத்து, அதன் வடிதாளில் படிந்த தூசியை எடை மட்டும் போட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. வரம்புக்குள் இருப்பதாக ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைக் காட்டியே இன்றும் அங்கே டயர் எரிகிறது. இப்போது அந்த அடுப்படியில் நிற்பது அண்ணன். அவனுக்கும் இருமல் பிடித்துக்கொண்டது.

நான் திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில் காற்றை அளக்கும் இதே வேலையில்தான் இருக்கிறேன். போன மாதம் யாரிடமும் சொல்லாமல் ஆலைப் புகை படியும் நம் வீட்டு மாடியில் அதே மாதிரி யந்திரத்தை வைத்தேன். ஒரே நாளில் தாள் கன்னங்கரேலென்று ஆனது. வெயிலிலும் சூட்டிலும் தாளில் படிந்த நஞ்சு சிதைந்துபோகும் என்பதால், அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஆய்வகத்தில் கரைத்துப் பார்த்தோம். பென்சோபைரீன் இருந்தது. டயர் அரைகுறையாக எரியும்போது வருவது, புற்றுநோய் உண்டாக்குவது. வெறும் எடையில் அது எப்படித் தெரியும்?

வருகிற கிராம சபையில் இந்த ஆய்வு முடிவைப் படிக்கப்போகிறேன். அதிகாரிகளுக்குத் தெலுங்கில், நம்மவர்களுக்குத் தமிழில். "வுட்டுடும்மா, வேலை பூடும்" என்கிறான் அண்ணன். நீ இருந்தாலும் பெரியவர்களை எதிர்க்காதே என்றுதான் சொல்லியிருப்பாய்.

அவன் வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். உன்னைப் பறிகொடுத்ததுபோல் அவனையும் கொடுக்க மாட்டேன். அவனை அந்த அடுப்படியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தே தீருவேன்.

இந்த ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்காத,
உன் மகள்.