அப்பா கேட்காமல் விட்ட கேள்வி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். குழந்தைக்குத் தொப்புள் காய்ந்துவிட்டதா, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்காதே. எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிக்கு ஏறுவதை விட்டுவிட்டேன், துணியெல்லாம் கீழேயே காய்கிறது. அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது, வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஒருவிதத்தில் அது நல்லதுதான், காப்பி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. கிளினிக்கைக் காலி செய்ய அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டு வந்தான். நர்ஸ் அக்கா அந்தப் பரிசோதனைக் கட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள், யார் படுக்கப்போகிறார்கள் என்று கேட்டேன், பழக்கம்மா என்று சொல்லிவிட்டு மறுபடி துடைத்தாள்.

போன வாரம் போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்பா ஊருக்கெல்லாம் அப்பா, எனக்கு மட்டும் டாக்டர் என்று சொன்னாய். நிறைமாதமாக இருந்ததால் அடக்கத்துக்குக்கூட வரமுடியாமல் போன ஆற்றாமையில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் கோபப்படவில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுது நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், கண்ணாடி பவர் மாற்ற வேண்டும், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பாவுக்கு நினைவு ஆராதனை வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று போதகர் கேட்டார். அண்ணன் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டான். ஏழைகளின் மருத்துவர், ஜெபவீரர், பொறுமையின் சிகரம், அப்படியே போகிறது. படித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை, அப்பாவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நம் நாலு பேர் செருப்பையும் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடுகிற அப்பா இல்லை. ஆராதனைப் பாட்டில் சுருதி சேராமல் கத்தி, டாக்டர் நீங்க மனசுக்குள்ள பாடுங்க, கர்த்தருக்குக் கேக்கும் என்று பாடகர் குழுத் தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அப்பா இல்லை. அதெல்லாம் போகட்டும், சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமையின் சிகரம் என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. உன் சின்ன வயதில் அப்பா பொறுமைசாலியா, சொல். பொழுதுக்கும் அவசரம், நோயாளி வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதிவிடுவார், நாற்பது பேரை இரண்டு மணிநேரத்தில் பார்த்துவிட்டு ஏழரைக்கெல்லாம் வீட்டில் உட்கார்ந்து உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்த மனுஷன் மாறினது ஒரு சனிக்கிழமையில்தான்.

உனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி. அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. முன்வரிசையில் அவருக்கு நாற்காலி பிடித்து வைத்து வாசலையே பார்த்துக்கொண்டு பாடினாய், இரண்டாம் பரிசுக் கோப்பையை வீட்டில் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. நானும் சேர்ந்துகொண்டு கத்தினேன். அவர் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்புறம்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஒரு பஸ் டிரைவருடைய மனைவி அடிவயிற்று வலி என்று வந்திருக்கிறாள். வெளியே கூட்டம். அப்பா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். தீட்டு தள்ளிப்போயிருக்கிறதா என்று அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தது. மறுநாள் காலையில் அது வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் மதியத்துக்குள் போய்விட்டாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சனிக்கிழமை காலையில் அடக்கம் முடிந்துவிட்டது. அப்பாவோடு படித்தவர் ஒருவர் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார், அவர்தான் அப்பா எழுதின சீட்டைப் பார்த்துவிட்டு மதியம் போன் பண்ணிச் சொன்னார். அந்த வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாது, விதின்னு நினைச்சுட்டிருக்கார், நீ வாயைத் திறக்காதே, எல்லா டாக்டருக்கும் நடக்கிறதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு ரொம்ப நேரம் இருந்தாராம். ஜெபம் வரவில்லை, அந்தப் பொண்ணு மேசைக்கு எதிர்ல உக்காந்திருந்ததுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு என்று என்னிடம் சொன்னார். உன் போட்டிக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் அந்த டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டார். சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும், கேக்கலை, கேட்டிருந்தா உங்க மனைவி இன்னைக்கு இருந்திருப்பாங்க, இது விதி இல்லை, என் தப்பு என்று சொல்லிவிட்டார். டிரைவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் மோதினார். நாலு பேர் பிரித்து விட்டார்கள். இனிமே இந்தத் தெருவுல கால் வைக்காதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உன்னிடம் சொல்லலாமா என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். அவ அப்பாவைப் பெரிய டாக்டர்னு நினைச்சுட்டிருக்கா, கொஞ்ச நாள் நினைக்கட்டும் என்பார். கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்று இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நோயாளியும் எழுந்திருக்கும்போது, இன்னும் ஒண்ணு கேக்கட்டுமா என்று மறுபடி உட்காரவைப்பார். ஊரே இன்னும் ஒண்ணு டாக்டர் என்று பேர் வைத்துச் சிரித்தது. ஏழரைக்கு வந்தவர் ஒன்பதரைக்கு வந்தார். நீ கணக்கை அண்ணனிடம் கேட்க ஆரம்பித்தாய். நல்ல மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசில்லையடி, ஆறின சோற்றைச் சுடவைத்துச் சுடவைத்து எனக்கும் அலுத்துத்தான் போனது. அவருக்கும் அலுத்தது. நடுவில் ஒரு நாள் இந்தத் தொழிலே வேண்டாம், எங்கேயாவது போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ராஜினாமாக் கடிதம் மாதிரி ஒன்றை எழுதி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார், சொந்தக் கிளினிக் இல்லையா.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் டிரைவர் வந்தார். அவர் மனைவி போய் ஒன்றரை வருஷம் இருக்கும். ஜுரத்தில் வலிப்பு வந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரை நர்ஸ் அக்கா நேராக உள்ளே கூட்டிப்போய்விட்டாள். அப்பா வலிப்பை நிறுத்தி, ஜுரத்தை இறக்கிவிட்டு, வேற நல்ல டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரேன், அங்க காட்டுங்க என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அந்த மனுஷன், மத்தவங்க தப்பு பண்ணினா சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது, நீங்க சொல்லுவீங்க, நீங்களே பாருங்க என்றாராம். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டே அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மன்னிச்சுட்டாரான்னு தெரியலை, ஆனா பிள்ளையைக் கொடுத்துட்டார் என்றார்.

முந்தாநாள் அந்த டிரைவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். ரிட்டயர் ஆகிவிட்டார், தலை முழுக்க நரை. இதை நான் சபையில் எழுதி வாசிக்கலாமா, உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டேன். எழுதுங்கம்மா, ஆனா அவளை அடிவயித்து வலியோட வந்த ஒரு பொம்பளைன்னு மட்டும் எழுதிடாதீங்க, ரெண்டு வரி சேத்து எழுதுங்க என்றார். என்ன எழுதட்டும் என்றேன். சத்தமா சிரிப்பா, தெரு முனை வரைக்கும் கேக்கும், நான் பஸ் எடுக்கக் கிளம்பினா ஜன்னல்ல நின்னு மெதுவா, மெதுவான்னு கத்துவா, எனக்கு வெக்கமா இருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

அதனால் அண்ணன் எழுதினதை எடுத்து வைத்துவிட்டு நான் வேறு எழுதியிருக்கிறேன், இதோடு வைத்திருக்கிறேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அப்பா பேரை நீயே கெடுக்கிறியேம்மா என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான். ஊர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். இதைப் படித்தால் உன் கோபம் தீரும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலி நாற்காலி காலிதான், அது உன்னுடைய பன்னிரண்டு வயதில் விழுந்த குறை, அதை அப்பாவும் அறிவார். கோபப்படு, ஆனால் சரியான ஆள்மேல் கோபப்படு, நீ நினைத்துக்கொண்டிருந்த அப்பாமேல் அல்ல, இந்த அப்பாமேல்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் கைவிடாமல் காப்பார். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு, பசியில்லை என்று சாக்குச் சொல்லாதே. அண்ணனுக்கு ஒரு போன் பண்ணு, நீ சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை நானேதான் வாசிக்கப்போகிறேன். நிற்க முடியாது, ஒரு நாற்காலி போடுங்கள், உட்கார்ந்தே வாசிக்கிறேன் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

உன்னை மடியில் வைத்துக்கொள்ள ஏங்கும்,
அம்மா