லாவெண்டர் வரிசையில் நீ கொழுந்து எடுத்த நாள்

இன்று காலை றக்வானவில் சரியான குளிர். அலமாரியின் அடியில் கிடந்த உன் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பைக்குள் கை விட்டதும் பொடிந்துபோன சாம்பல் நிற இலைகள் விரலில் ஒட்டின. முகர்ந்து பார்த்தேன். வாசனை இன்னும் போகவில்லை. நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் வந்து சேரும் நேரம். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மூன்று வருடமாகிறது. கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போன நீ, பயணச்சீட்டு அனுப்பி என்னையும் அங்கே வரவழைத்தாய். வந்த நாட்களெல்லாம் உன் சமையலறையிலேயே போய்விடும் என்று நினைத்திருந்தேன். மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை, "வாடி, மலைக்குப் போவோம்" என்று கிளப்பிவிட்டாய். கடலோர நகரத்திலிருந்து பஸ் ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவு. எம்பிலிப்பிட்டிய சந்தைக்குப் போகும்போது செய்வதைப் போலவே, கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்கருகே நீட்டினாய்.

"மோந்துக்க. இதுவும் நம்ம றக்வான ரோடுதான்."

முதல் ஊரில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு பூனையும்தான் வெளியே இருந்தன. இரண்டாவது ஊரில் பாதி வீடுகள் சாத்திக் கிடந்தன. கல்வீடுகள், படிப்படியாக வெட்டிய சரிவு, இலை வருமுன்னே பூத்துவிட்ட வாதுமை மரங்கள், தூரத்து உச்சியில் பனி. நீ இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாய். "எல்லாம் இருக்குடி. நம்ம லயத்து வீட்டு வரிச மட்டுந்தான் இல்ல" என்றாய்.

அந்த ஊரைத் தாண்டிய சரிவில்தான் லாவெண்டர். பூ இல்லாத காலம். கவ்வாத்து வெட்டித் துளிர்விட்ட தேயிலை மலையைப் போல் வரிசை வரிசையாக நின்றது. பேசிக்கொண்டே உள்ளே இறங்கினாய். உன் இரண்டு கைகளும் தாமாகவே நுனிகளைக் கிள்ளத் தொடங்கின. பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசினாய். முதுகில் கூடை இல்லை. எல்லாம் மண்ணில் விழுந்தது. பதினைந்து வருடமாகக் கொழுந்து எடுக்காத கை அது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பினால் நிலத்துக்காரர் நிற்கிறார். கங்காணியைக் கண்டதுபோல் நீ விறைத்துப்போனாய். அவர் ஏதோ சொன்னார்.

"ஜூலையிலதான் பூக்குமாம். அப்ப வந்து எடுங்கங்கிறார்" என்று சொல்லி, கீழே கிடந்ததைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாய். நான் புறப்பட்ட நாளில் அந்தக் கோட்டைத்தான் கழற்றி என் தோளில் போட்டாய்.

பிறகு கல்மதிலில் உட்கார்ந்து ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். பாதி ரொட்டியில் நிறுத்தினாய்.

"என்னயும் கூட்டிட்டுப் போயிரு."

"போடி பைத்தியம்."

"நெசமாத்தான். வாயத் தொறந்தா தோட்டத்துப் பேச்சுனு இங்க நம்ம தமிழ் ஆளுங்களே சிரிக்கிறாங்க. வீட்டுக்காரருக்கும் புடிக்கல. புள்ளைங்க பிரெஞ்சுல பேசிக்குதுங்க. நான் ஒரு நாளைக்குப் பேசுறதே நாலு வார்த்த. அம்மா பக்கத்துல கெடந்தா போதும்."

"லயத்துல வந்து என்னா பண்ணப் போற? புருஷன விட்டுட்டு வந்துட்டானு பேசுவாங்க. பல்லக் கடிச்சிட்டு இரு."

உன் நன்மைக்குச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். பொய். பிரான்சில் எனக்கொரு சிநேகிதி இருக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். நீ திரும்பி வந்தால் அந்தப் பெருமை போய்விடும். நீ மீதி ரொட்டியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாய்.

அதே வருடம் மே மாதம் மூளையில் இரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தாய். அங்கேயே எரித்துவிட்டார்கள். இங்கே உன் படத்துக்கு விளக்கு வைத்துக் கருமாதி செய்தோம்.

வாரம் ஒருமுறை உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே குந்திக்கொண்டு அதையே கேட்கிறார்.

"நீதானே கடேசியா பாத்தவ. ஊருக்கு வரணும்னு ஒரு வார்த்த சொன்னாளா?"

"இல்லம்மா. நல்லா இருந்தா."

"அப்ப எங்கள மறந்துதான் போயிட்டா."

இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். சொன்னால், "அதுக்கு நீ என்னா சொன்ன?" என்று கேட்பார். அதற்குப் பயந்து, மூன்று வருடமாக உன்னை, பெற்ற தாயை மறந்த மகளாகவே வைத்திருக்கிறேன்.